ஐப்பசி மலையேற்றத்துக்கு ஆவணியில் ஆயத்தம்

நேபாளத்தில் மழை ஓய்ந்து வானம் தெளியும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடக்கக் கோவை, திருப்பூர், ஈரோடு பகுதிகளிலிருந்து முன்பதிவு செய்திருப்போர், உடல்நல ஆயத்தங்களை இந்த ஆவணியிலேயே தொடங்கிவிட வேண்டும்.

கொங்குப் பகுதியில் மலையேற்றத்துக்கு உரைகல்லாகக் கருதப்படுவது வெள்ளியங்கிரி. மூங்கில் தடியை ஊன்றி ஏழு மலைகளையும் ஒரே இரவில் ஏறி இறங்கியவருக்கு இமயமும் எளிது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அந்த மலை முழங்காலுக்கும் இதயத்துக்கும் கடுமையான சோதனைதான் என்றாலும், உயரத்துக்கு அது சோதனையே அன்று. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். நடை தொடங்கும் லுக்லாவோ சுமார் 2,850 மீட்டரிலும், அடிவார முகாம் 5,364 மீட்டரிலும் உள்ளன. ஆக, மாநிலத்துக்குள் எங்கு ஏறிப் பழகினாலும் பயணத்தின் முதல் அடியின் உயரத்தைக்கூட எட்ட இயலாது.

முகாமில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியாகிவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதியாகிறது. இதற்கு உடல் பழகுமுன் மேலே ஏறுவோருக்குத் தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தலைச்சுற்றல் ஆகியவை சேர்ந்து வருவதே உயர்மலை நோய் எனப்படும். அது உடல்வலிமை பார்த்து விலகுவதில்லை, விரைந்து ஏறும் வலியவரையே முதலில் பிடிப்பதும் உண்டு. எனவே பயண நிரலை இப்போதே எடுத்து, 3,000 மீட்டருக்கு மேல் இரவுத் தங்கலின் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூடுகிறதா, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்வு நாள் உள்ளதா என்று பார்க்க வேண்டும். விடுப்புப் போதாமல் ஓய்வு நாளை வெட்டிய நிரலைவிடப் பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பது மேல். உயரத்துக்கு உடல் பழக உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரின் பரிந்துரையின்றி வாங்கலாகாது; சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

ஒரு குதிகாலை மறு பாதத்தின் விரல்நுனியோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லும்போது தள்ளாடுபவருக்கு மூளையில் நீர் கோத்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கையிலேயே மூச்சு வாங்குபவருக்கு நுரையீரலில் கோத்திருக்கலாம். இரண்டிலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே கீழே இறக்க வேண்டும். நோயாளி தன் நிலையைத் தானே உணராமல் போவதால், இச்சோதனையை உடன் செல்வோர் அனைவரும் ஊரிலேயே செய்து பழகுவது நன்று.

2024ஆம் ஆண்டில் வெள்ளியங்கிரியிலேயே பக்தர்கள் சிலர் ஏறும்போது உயிரிழந்ததை எண்ணி, நாற்பது வயது கடந்தோரும் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளோரும் இதயப் பரிசோதனையைத் தவிர்க்கலாகாது. உறைந்துபோன இன்சுலின் பயன்படாது என்பதால், அதை விமானத்தில் கைப்பையிலும், பகலில் சட்டைக்குள் உடலோடு ஒட்டியும், இரவில் உறக்கப்பைக்குள்ளும் வைத்திருக்க வேண்டும்.

டைஃபாய்டு, ஹெபடைடிஸ்-ஏ, டெட்டனஸ் தடுப்பூசிகள் குறித்து மருத்துவரிடம் இப்போதே கேட்டுக்கொள்வது போதுமானது. கென்யா, உகாண்டா காடுகளுக்குச் செல்வோர் நிலை வேறு: மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் சென்னை கிண்டி கிங் நிலையம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் போட்டுக்கொள்ள வேண்டும், ஊசி போட்டதற்கான சான்றிதழ் இன்றித் திரும்புவோர் இந்திய விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகாமல் 6 நாட்கள் வரை தனிமையில் வைக்கப்படலாம்.