கைக்கடிகாரம் எச்சரித்தால் போதுமா? பக்கவாதத் தடுப்பில் ஒரு பொறியியல் பாடம்



ஃபைனல் இயர் புராஜெக்ட் சீசன் வந்தாலே "ஹார்ட் ரேட் மானிட்டரிங்" என்ற தலைப்பு குறைந்தது நாலு டீமிடமாவது இருக்கும். ஒரு பல்ஸ் சென்சார், ஒரு ஆர்டுயினோ, ஒரு ஆப். திரையில் 72 என்று எண் வந்துவிட்டால் டெமோ முடிந்தது, கைதட்டல் கிடைத்தது.

சரி, அந்த 72-ஐ வைத்து ஒரு டாக்டர் என்ன செய்வார்? உண்மையைச் சொன்னால், பெரும்பாலும் ஒன்றும் செய்ய மாட்டார். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்பதுதான் அவருக்கு வேண்டிய தகவல். அந்த இடைவெளியை ஒழுங்காக அளந்து, சரியான ஆளிடம், சரியான நேரத்தில் கொண்டு சேர்த்தால், ஒருவருக்கு வரவிருக்கும் பக்கவாதத்தைத் தடுக்க வழி இருக்கிறது. எப்படி என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் நோய்

பக்கவாதத்தில் இரண்டு வகை. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்துக்கொள்வது ஒன்று, குழாய் வெடித்து இரத்தம் கசிவது இன்னொன்று. அடைப்பு வகைதான் அதிகம். அந்த அடைப்புக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்கொள்வோம்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். சுருக்கமாக ஏஎஃப்.

இதயத்தின் மேலறைகள் ஒரே சீராகச் சுருங்க வேண்டும். ஏஎஃப் வந்தவர்களுக்கு அவை சுருங்குவதற்குப் பதிலாகத் தாறுமாறாக நடுங்கும். இரத்தம் முழுவதும் வெளியேறாமல் தேங்கும். தேங்கிய இரத்தம் உறையும். இடது மேலறையை ஒட்டி ஒரு சின்னப் பை இருக்கிறது. கட்டி பெரும்பாலும் அங்கேதான் உருவாகும். அது பிய்த்துக்கொண்டு மேலே போய் மூளைக் குழாயில் சிக்கினால் பக்கவாதம்.

ஏஎஃப் உள்ளவருக்குப் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு என்பது அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வில் தெரியவந்தது. நல்ல செய்தியும் உண்டு. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்தைச் சரியாகக் கொடுத்தால், அந்த ஆபத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது.

அப்புறம் என்ன பிரச்சினை? பலருக்கு ஏஎஃப் இருப்பதே தெரியாது. வலிக்காது. வந்து வந்து போகும். கிளினிக்கில் ஈசிஜி எடுக்கும் அந்தப் பத்து விநாடியில் இதயம் நல்ல பிள்ளையாகத் துடித்துவிட்டுப் போய்விடும். நாள் முழுக்கக் கையில் கிடக்கும் கடிகாரத்துக்கு வேலை வருவது இங்கேதான்.

பச்சை விளக்கு என்ன பார்க்கிறது?

ஸ்மார்ட்வாட்சின் அடியில் பச்சை எல்இடி மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டுக்கு வரும் இரத்தம் கூடும்போது திரும்பி வரும் ஒளி குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை ஃபோட்டோடையோடு பதிவு செய்கிறது. இதற்கு ஃபோட்டோபிளெதிஸ்மோகிராபி என்று பெரிய பெயர். பிபிஜி என்று சொன்னால் போதும்.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். ஈசிஜி அளப்பது இதயத்தின் மின்சாரத்தை. பிபிஜி அளப்பது அந்த மின்சாரத்தின் விளைவாகக் கைக்கு வந்து சேரும் இரத்த அலையை. கை ஆடினாலோ பட்டை தளர்ந்தாலோ சிக்னல் கெடும். அதனால்தான் கடிகாரம் சந்தேகத்தைச் சொல்லலாம், நோயை உறுதி செய்ய ஈசிஜி வேண்டும் என்பது மருத்துவ விதி.

ஒழுங்கின்மையை எண்ணாக்குவது எப்படி?

துடிப்பு இடைவெளிகளை மில்லி விநாடியில் எடுத்துக்கொள்வோம். நான் கணக்குக்காக எழுதிய எண்கள் இவை.

சீரான இதயம்: 820, 835, 810, 828, 815
ஏஎஃப் மாதிரி: 640, 910, 520, 1030, 700

அடுத்தடுத்த இடைவெளிகளின் வித்தியாசத்தை எடுங்கள். ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்துங்கள். சராசரி கண்டு வர்க்கமூலம் எடுங்கள். இதற்கு ஆர்எம்எஸ்எஸ்டி என்று பெயர். முதல் வரிசைக்கு 18 வரும். இரண்டாவதற்கு 385. அவ்வளவுதானே, 100-க்கு மேல் போனால் அலாரம் அடிக்க வேண்டியதுதானே என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இன்னொரு வரிசையைப் பாருங்கள்:

800, 800, 500, 1100, 800

ஒரே ஒரு துடிப்பு அவசரமாக முன்னால் வந்து, அடுத்ததற்கு முன் இதயம் சற்று ஓய்வெடுத்திருக்கிறது. எக்டோபிக் துடிப்பு என்பார்கள். நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும் வரும். இதற்கு ஆர்எம்எஸ்எஸ்டி 367! ஏஎஃப் மாதிரியோடு கிட்டத்தட்ட ஒன்று. ஒரே ஒரு அளவை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

தீர்வு மூன்று. ஜன்னலை நீளமாக்குங்கள், ஐந்து துடிப்பு போதாது, ஒரு நிமிடமாவது வேண்டும். இடைவெளிகளின் சிதறல் முழுக்க ஒழுங்கற்றதா, அல்லது ஒழுங்குக்கு நடுவே ஒரு தடுமாற்றமா என்பதைப் பிரிக்க என்ட்ரோபி போன்ற இன்னொரு அளவையும் சேருங்கள். கடைசியாக, ஒரு தடவை பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆப்பிள் வாட்சை வைத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில், 48 மணி நேரத்துக்குள் அடுத்தடுத்த 6 பதிவுகளில் 5 ஒழுங்கற்றதாக இருந்தால்தான் பயனருக்கு அறிவிப்பே போகும்.

அந்த ஆய்வின் முடிவு 2019-ல் வந்தது. கலந்துகொண்டவர்கள் 4,19,297 பேர். அறிவிப்பு போனது 2,161 பேருக்கு, அதாவது 0.52%. அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஈசிஜி பேட்ச் அனுப்பப்பட்டது. ஒட்டிக்கொண்டு பயன்படுத்தத்தக்க பதிவோடு திருப்பி அனுப்பியவர்கள் 450 பேர்தான். அவர்களில் 34% பேருக்குப் பேட்ச்சில் ஏஎஃப் தெரிந்தது. "வெறும் 34-ஆ?" என்று கேட்காதீர்கள். அறிவிப்பு வந்து பல நாள் கழித்துத்தான் பேட்ச் ஒட்டப்பட்டது. ஏஎஃப் அதற்குள் வந்துவிட்டுப் போயிருக்கலாம். பேட்ச் ஒட்டியிருந்த நேரத்திலேயே கடிகாரமும் எச்சரித்த சந்தர்ப்பங்களில் 84% ஏஎஃப்தான்.

பத்தாயிரம் பேர் கணக்கு

இப்போது பிராபபிலிட்டி வகுப்பில் தூங்கியவர்களும் விழித்துக்கொள்ளுங்கள். நம்மிடம் ஒரு கருவி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏஎஃப் உள்ளவர்களில் 90% பேரைப் பிடிக்கும். இல்லாதவர்களில் 98% பேரைச் சரியாக "இல்லை" என்று சொல்லும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இதை 10,000 இளைஞர்களிடம் கொடுக்கிறோம். அவர்களில் 10 பேருக்கு ஏஎஃப் என்று வையுங்கள். கருவி 9 பேரைப் பிடிக்கும். மீதி 9,990 பேரில் 2%, அதாவது ஏறக்குறைய 200 பேருக்குச் சும்மா அலாரம் அடிக்கும். மொத்தம் 209 அலாரம், உண்மை 9. நூற்றுக்கு நாலு!

அதே கருவியை 10,000 முதியவர்களிடம் கொடுங்கள். அவர்களில் 1,000 பேருக்கு ஏஎஃப் என்று வையுங்கள். பிடிபடுவது 900. பொய் அலாரம் 180. இப்போது அலாரத்தில் 83% உண்மை.

கருவி மாறவில்லை, கோடு மாறவில்லை. யாரிடம் கொடுத்தோம் என்பது மட்டும்தான் மாறியது. கல்லூரி மாணவர்களை மட்டும் வைத்துச் சோதித்துவிட்டு "அக்யூரசி 98%" என்று போஸ்டரில் எழுதுவதில் உள்ள ஆபத்து இதுதான். பொய் அலாரம் என்பது வெறும் எண்ணும் கிடையாது. ஒரு குடும்பம் ராத்திரி முழுக்கப் பயந்து கிடப்பது, அடுத்த நாள் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது, எல்லாம் அதில் அடக்கம்.

டாக்டரின் திரையில்

ஏஎஃப் உறுதியாகிவிட்டது. உடனே எல்லோருக்கும் மருந்தா? இல்லை. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இரத்தப்போக்கையும் உண்டாக்கும். யாருக்கு லாபம் அதிகம் என்று பார்க்க டாக்டர்களிடம் ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. சாட்ஸ்-வாஸ்க் என்று உச்சரிப்பார்கள். 2010-ல் வெளியானது.

இதய பலவீனம் 1, உயர் இரத்த அழுத்தம் 1, நீரிழிவு 1, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் 2, இரத்தக் குழாய் நோய் 1, வயது 65 முதல் 74 வரை 1, 75 அல்லது அதற்கு மேல் 2, பெண் என்றால் 1. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024-ல் பால் அடிப்படையிலான அந்த ஒரு மதிப்பெண்ணை நீக்கிவிட்டது. புதிய கணக்கில் 2 அல்லது அதற்கு மேல் என்றால் மருந்து பரிந்துரைக்கப்படுகிறது.

ஒரு உதாரணம். 68 வயது அம்மா, இரத்த அழுத்தம் உண்டு, சர்க்கரை உண்டு. வயதுக்கு 1, அழுத்தத்துக்கு 1, சர்க்கரைக்கு 1. மொத்தம் 3. மருந்து பற்றிப் பேச வேண்டியவர். ஆனால் நெரிசலான ஓபியில், அவர் முழங்கால் வலிக்காக வந்திருக்கும்போது, இந்தக் கூட்டலை யார் போடுவது? ரெக்கார்டில் எல்லாத் தகவலும் ஏற்கெனவே இருக்கிறது. மென்பொருள் கூட்டிச் சொல்லலாம். பத்து வரி கோடு போதும்.

பத்து வரிக்கு முன்னால் இரண்டு இஃப் கண்டிஷன் எழுத வேண்டும், அதுதான் முக்கியம். ஒன்று, ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு கணிசமாகச் சுருங்கியவரா? நம் நாட்டில் இந்த நோய் இன்னும் இருக்கிறது. அப்படியானால் மதிப்பெண்ணே பார்க்கக் கூடாது. நேராக மருந்து, அதுவும் வார்ஃபரின் வகை. 2022-ல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், ருமாட்டிக் இதய நோயோடு ஏஎஃப் உள்ளவர்களுக்குப் புதிய மருந்தான ரிவராக்சபானைவிடப் பழைய வகையே நல்ல பலன் தந்தது. இரண்டு, ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறாரா? பட்டியல் அப்டேட் ஆகாமல் இருந்தால், சாப்பிடுகிறவருக்கே "மருந்து தொடங்குங்கள்" என்று திரை கத்தும்.

அப்படிக் கத்திக் கத்தி என்ன ஆகும்? டாக்டர் படிக்காமலே மூடிவிடுவார். மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49% முதல் 96% வரை புறக்கணிக்கப்படுவதாக 2006-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. நம் செல்போனில் வரும் நோட்டிஃபிகேஷனை நாம் தள்ளிவிடுவதில்லையா, அதே கதைதான். ஆகவே எச்சரிக்கையை வடிவமைக்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள். யாருக்கு? மருந்து எழுதும் அதிகாரம் உள்ளவருக்கு. எப்போது? மருந்துச் சீட்டு திறந்திருக்கும் நேரத்தில். என்ன காட்ட வேண்டும்? மதிப்பெண்ணும், அது எப்படி வந்தது என்பதும், சிறுநீரகச் செயல்பாடு போன்ற டோஸுக்குத் தேவையான எண்ணும். மறுத்தால்? காரணத்தை ஒரு கிளிக்கில் பதிய விடுங்கள். "போன மாதம் வயிற்றில் இரத்தப்போக்கு" என்ற காரணம் உங்கள் கோடுக்குத் தெரியாத உண்மை.

கண்டுபிடித்தால் எல்லாம் சரியாகுமா?

இதற்கு டென்மார்க்கின் லூப் ஆய்வு ஒரு பதில் தருகிறது. 70 முதல் 90 வயது வரை, ஆபத்துக் காரணி ஒன்றாவது உள்ள 6,004 பேர். அவர்களில் 1,501 பேரின் தோலுக்கு அடியில், இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதியும் கருவி வைக்கப்பட்டது. மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. கருவி வைத்தவர்களில் 31.8% பேருக்கு ஏஎஃப் கண்டறியப்பட்டது, மற்றவர்களில் 12.2%. பக்கவாதமோ உடலின் வேறு இடத்தில் அடைப்போ வந்தது முறையே 4.5%, 5.6%. இந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியாகவில்லை.

அதாவது, சில நிமிடமே நீடிக்கும் ஏஎஃப்-ஐயெல்லாம் தேடிப் பிடிப்பது நீண்ட நேரம் நீடிப்பதைப் பிடிப்பதற்குச் சமம் ஆகாது. "எத்தனை பேரைக் கண்டுபிடித்தோம்" என்பதல்ல அளவுகோல். "எத்தனை பக்கவாதம் குறைந்தது" என்பதுதான். டெக்னாலஜி செய்கிற நாம் முதல் எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடுகிறோம்.

செய்து பாருங்கள்

ஃபிசியோநெட் தளத்தில் எம்ஐடி-பிஐஎச் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் தரவுத்தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. 25 பதிவுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 மணி நேரம், விநாடிக்கு 250 மாதிரிகள். துடிப்பு இடைவெளிகளை எடுத்து, ஒரு நிமிட ஜன்னல்களில் ஆர்எம்எஸ்எஸ்டி, என்ட்ரோபி இரண்டையும் கணக்கிடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை: டிரெயின், டெஸ்ட் என்று பிரிக்கும்போது ஆள் வாரியாகப் பிரியுங்கள். ஒரே ஆளின் துண்டுகள் இரண்டு பக்கமும் போனால், உங்கள் மாடல் நோயைக் கற்காது, அந்த ஆளைக் கற்றுக்கொள்ளும். அக்யூரசி 99 வரும். புது நோயாளியிடம் படுத்துவிடும். முடிந்தால் ஒரு டாக்டரைச் சந்தித்து, "இந்த அலாரம் உங்களுக்கு எப்போது வந்தால் உதவும்?" என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பதில் புராஜெக்ட்டையே மாற்றிவிடலாம்.

கடைசியாக, ஆப் எதுவும் தேவைப்படாத ஒரு பாடம். ஒருவருக்குத் திடீரென வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" என்பதுதான் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று. அதற்குப் பதில், பக்கத்தில் இருந்த உங்களிடம்தான் இருக்கும்.