களர் நிலமும் களிமண்ணின் கூழ்மங்களும்

புது வெள்ளத்தில் வரும் மணல் விரைவில் அடியில் தங்கிவிட, நுண்ணிய களி மட்டும் நெடுநேரம் நீரைக் கலக்கி நிற்பதைக் குடியானவர்கள் யாவரும் கண்டிருப்பர். இவ்வாறு உப்பைப்போல் கரையாமலும் மணலைப்போல் படியாமலும் பரவி நிற்கும் பொருள்களுக்குக் கூழ்மங்கள் என்று பெயர். பாலும் கஞ்சியும் இவ்வகையினவே. 1861-ஆம் வருஷத்தில் தாமஸ் கிரேஹாம் என்னும் ஸ்காட்லாந்து தேசத்து ரசாயன சாஸ்திரியார், பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு இவற்றிற்குக் 'கொலாயிட்' என்று பெயரிட்டார்.

களிமண் துகள் ஒரு மில்லிமீட்டரில் 500-ல் ஒரு பங்கினும் சிறியது. துகள் சிறுக்கச் சிறுக்க மொத்த மேற்பரப்பு பெருகும். ஈரமும், பயிருக்கு வேண்டிய சுண்ணாம்பு, சாம்பல் முதலிய சத்துக்களும் அம்மேற்பரப்பிலேயே பற்றி நிற்கின்றன. இத்துகள்கள் யாவும் எதிர் மின்னூட்டம் உடையவையாதலால் ஒன்றையொன்று விலக்கும். நேர் மின்னூட்டமுள்ள சுண்ணாம்புச் சத்து அவற்றைச் சேர்த்துத் திரளச் செய்யும்; மண் பொலபொலப்பாகும். அதனிடத்தில் சோடியம் மிகுந்தால் துகள்கள் பிரிந்து, மண்ணின் கண்களை அடைத்துவிடும். நனைந்தால் சேறு, காய்ந்தால் கட்டாந்தரை, இதுவே களர்.

சோதனை: இரண்டு கண்ணாடிப் பாத்திரங்களில் மழைநீர் வார்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி மண்ணைக் கலக்குக. ஒன்றில் மட்டும் சிறிது ஜிப்சத் தூளை இட்டு, ஓரிரவு அசையாது வைத்திடுக. காலையில் ஜிப்சமிட்ட நீர் தெளிந்தும் மற்றது கலங்கியும் இருப்பின் நிலம் களரென்று ஐயுற இடமுண்டு. மண் பரிசோதனையால் அதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

உவரும் களரும் ஒன்றல்ல. வெறும் உவரை நல்ல நீர் தேக்கி வடித்தே போக்கலாம். சோடியம் மிகுந்த நிலத்தில் ஜிப்சமின்றி அவ்வாறு செய்யின் உப்பு மட்டும் நீங்கி, களி முன்னிலும் பிரிந்து நிலம் இறுகிப்போம். விதையும் உழவுக் கூலியும் வீணாவது இவ்விடத்திலேதான்.

சீர்திருத்தும் முறை:

1. நிலத்தைச் சிறு பாத்திகளாக்கிச் சமன் செய்து, வடிகால் வெட்டுக.

2. பரிசோதனையில் கண்ட அளவு ஜிப்சத்தைப் பரப்பி, நீர் பாய்ச்சி உழுக.

3. 4 அங்குலம் நீரைச் சில நாள் தேக்கி வடிக்க. இவ்வாறு மூன்று நான்கு முறை செய்க.

4. தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதபின் நெல் நடுக.

வடிகாலின்றி ஜிப்சம் இடுவதில் பயனில்லை. வடித்த நீர் அயலார் வயலில் புகாதபடி பொது வடிகாலைச் செப்பனிடுவதில் கிராம அதிகாரிகள் முன்னின்று உதவுதல் வேண்டும்.