எந்தக் கரையில் நீராடலாம்? கிரீட் தீவில் ஓர் இயற்பியல் பாடம்

உலகப் படத்தில் மத்தியதரைக் கடலைப் பாருங்கள். கிரேக்க நாட்டுக்குத் தெற்கே, கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் ஒரு தீவு தெரியும். அதுதான் கிரீட். அதன் நீளம் சுமார் 260 கி.மீ. அகலமோ மிக அகன்ற இடத்தில் 60 கி.மீ., மிகக் குறுகிய இடத்தில் 12 கி.மீ. தான். தீவின் நடுவே முதுகெலும்பு போல மலைகள். 2,400 மீட்டருக்கு மேல் உயர்ந்த சிகரங்களும் உண்டு. சுற்றிலும் எண்ணற்ற கடற்கரைகள். கோடையில் பல நாடுகளிலிருந்தும் மக்கள் இங்கே நீராட வருகிறார்கள்.

இவற்றில் சிறந்த கரை எது? வண்ணப் படங்களைப் பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே நாளில் வட கரையில் அலைகள் சீறிப் பாய, தென் கரையில் கடல் குளம் போலக் கிடக்கலாம். ஆகவே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்போம்: "இன்றைக்கு எந்தக் கரை நல்லது?" இதற்கு விடை காண ஒரு தேசப்படமும், காற்று வீசும் திசையும், நாம் வகுப்பில் படித்த இயற்பியலும் போதும்.

காற்றும் அலையும்

கடலில் நாம் காணும் அலைகளைப் பெரும்பாலும் காற்றுதான் எழுப்புகிறது. அலையின் உயரம் மூன்றைப் பொறுத்தது: காற்றின் வேகம், அது வீசும் நேரம், நீரின் மேல் அது தடையின்றி ஓடிவரும் தூரம். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெரும்புயலே அடித்தாலும் ஒரு சிறு குளத்தில் மலை போன்ற அலை எழாதது ஏன்? காற்று ஓட அங்கே தூரம் இல்லை.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கிரீட்டை நோக்கி வடக்கிலிருந்து ஒரு வறண்ட காற்று வீசுகிறது. இன்று அதன் பெயர் மெல்டெமி. ஆண்டு தவறாமல் வருவதால் பண்டைக் கிரேக்கர்கள் இதை 'ஆண்டுக் காற்று' என்று பொருள்படும் சொல்லால் அழைத்தார்கள். அரிஸ்டாட்டிலும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பால்கன் நாடுகளின் மேல் காற்றழுத்தம் மிகுந்தும், துருக்கியின் மேல் குறைந்தும் இருப்பதே இதற்குக் காரணம். அந்தக் குறைந்த அழுத்தப் பகுதி, கோடையில் தெற்கு ஆசியாவின் மேல் உருவாகும் பெரிய தாழ்வழுத்தத்தின் மேற்கு நுனியாகும். நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்றைக் கொண்டுவரும் தாழ்வழுத்தமும் அதுதான்!

வட கரைக்கு எதிரே சுமார் 100 கி.மீ. திறந்த கடல். மெல்டெமி அதன் மேல் ஓடிவந்து அலைகளை வளர்த்துக் கரையில் மோதவிடுகிறது. தென் கரையிலோ அதே காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அங்கே அதன் ஓட்டம் கரையில்தான் தொடங்குகிறது. எனவே கரையோரம் அலை சிறிதாகவே இருக்கும்.

"அப்படியானால் மெல்டெமி வீசும் நாளில் தெற்கே போனால் போதும்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மலைக் கணவாய்கள் வழியே நெருங்கிப் பாயும் காற்று, சில தென் கரைகளில் திடீர் வீச்சாக இறங்கும். காற்றடைத்த மிதவையில் படுத்திருக்கும் சிறுவனை அது சில நிமிடங்களில் நடுக்கடல் நோக்கித் தள்ளிவிடும். நீர் அமைதியாக இருப்பதால் ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று வீசும்போது மிதவையை நீரில் இறக்கக் கூடாது.

அலை ஏன் வளைகிறது?

ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம், ஆழத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலத்துக்குச் சமம். ஆழம் 4 மீட்டர் என்றால் 9.8 × 4 = 39.2, வர்க்கமூலம் ஏறத்தாழ 6.3. அலை விநாடிக்கு 6.3 மீட்டர் செல்லும். ஆழம் 1 மீட்டராகக் குறைந்தால் வேகம் 3.1 மீட்டர்தான். ஆழம் நான்கில் ஒரு பங்கானால் வேகம் பாதியாகிறது.

இனி, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனையையும், அதன் பக்கத்தில் உள்வளைந்த ஒரு விரிகுடாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். முனைக்கு எதிரே ஆழம் முதலில் குறைகிறது. அங்கே அலை தயங்க, இரு பக்கமும் அது வேகமாக முன்னேறுகிறது. அணிவகுப்பில் ஒரு மாணவன் மெதுவாக நடந்தால் வரிசை அவனைச் சுற்றி வளையுமல்லவா? அதுபோல அலை முனையைச் சுற்றி வளைகிறது. கண்ணாடி வில்லையில் ஒளி விலகுவதும் இவ்வாறே. இதனால் அலையின் ஆற்றல் முனையில் குவிகிறது. விரிகுடாவில் பரந்து நலிகிறது. நலிந்த அலை மணலைச் சுமந்து செல்ல முடியாமல் அங்கேயே போட்டுவிடுகிறது. முனைகளில் பாறையும் விரிகுடாக்களில் மணலும் இருப்பதன் காரணம் புரிகிறதா? குழந்தைகளோடு செல்பவர்கள் படத்தில் உள்வளைந்த சிறு விரிகுடாக்களைத் தேடுவது நல்லது.

அமைதியான நீர் அழைக்கும்போது

இதுதான் இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி. அலையின் உயரம் நீரின் ஆழத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டும்போது அலை உடைகிறது. ஆகவே வெண்நுரை தெரியும் இடம் ஆழமற்றது. அலை உடையாத இடம் ஆழமானது.

உடையும் அலைகள் கரைக்கு நீரைக் கொண்டுவந்து கொட்டியபடி இருக்கின்றன. அது திரும்பிச் செல்ல வழி வேண்டுமே! மணல் திட்டுகளுக்கு இடையே ஆழமான வாய்க்கால் இருந்தால் அதன் வழியே கடலை நோக்கி விரைகிறது. இந்த இழுப்பு நீரோட்டம் சில சமயம் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தைத் தொடும். நம்மில் பலரால் விநாடிக்கு 1 மீட்டர் நீந்துவதே கடினம். கரையை நோக்கி எதிர்த்து நீந்துபவர் களைத்து மூழ்குவது இதனால்தான்.

கவனியுங்கள்: இரு பக்கமும் நுரை பொங்க, நடுவே அமைதியாகத் தெரியும் அந்தப் பட்டைதான் வாய்க்கால். நீந்தத் தெரியாதவர் "இங்கே அலையில்லை" என்று அதையே தேர்ந்தெடுக்கிறார்! அதில் சிக்கிக்கொண்டால் பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்த வேண்டும். வாய்க்காலின் அகலம் பெரும்பாலும் சில பத்து மீட்டர்தான். அதைக் கடந்து நுரையுள்ள பகுதிக்கு வந்துவிட்டால் அலைகளே கரைக்குத் தள்ளும்.

நீரும் மணலும்

கிரீட்டைச் சுற்றியுள்ள கடலில் ஊட்டச்சத்துகள் மிகக் குறைவு. அதனால் நுண்பாசிகளும் குறைவு. நீர் பளிங்கு போலத் தெளிவு. நீர் சிவப்பு ஒளியை மிகுதியாக உறிஞ்சுவதால் எஞ்சிய நீலம் நம் கண்ணுக்கு வருகிறது. கடல் நீரின் தெளிவை அளக்க, வெண்ணிறத் தட்டைக் கயிற்றில் இறக்கி அது மறையும் ஆழத்தைக் குறிக்கும் முறையை இத்தாலிய விஞ்ஞானி செக்கி 1865-இல் இதே மத்தியதரைக் கடலில்தான் சோதித்தார்.

தென்மேற்கு மூலையிலுள்ள எலபோனிசியில் மணல் இளஞ்சிவப்பாக இருக்கும். சிவந்த ஓடுகளையுடைய கடலுயிர்களின் துகள்கள் கலந்திருப்பதே காரணம். அவை சேரப் பல காலம் ஆகும். ஒவ்வொருவரும் ஒரு பிடி அள்ளிச் சென்றால் என்ன மிஞ்சும்?

வட கரையிலுள்ள ரெதிம்னோவின் நீண்ட மணல்வெளியில் கோடை இரவுகளில் பெருந்தலைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. மணலின் வெப்பநிலை சுமார் 29 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும். நமக்குச் சுடும் மணல், அவற்றின் குலத்தை நிர்ணயிக்கும் மணல். இரவில் அங்கே விளக்கேற்றாமல் இருப்பதும் நல்ல தேர்வின் ஒரு பகுதியே.

கடலில் இறங்குமுன் பத்து நிமிடம் கரையில் நின்று பாருங்கள். காற்று எங்கிருந்து வருகிறது? அலை எங்கே உடைகிறது? எங்கே உடையவில்லை? இந்த மூன்று கேள்விகளும் எந்த நாட்டுக் கடலுக்கும் பொருந்தும்.

சிந்தியுங்கள்

1. நீரின் ஆழம் 2.5 மீட்டர் எனில் அலையின் வேகம் என்ன?

2. கிரீட்டில் தெற்கிலிருந்து காற்று வீசும் நாளில் எந்தக் கரையைத் தேர்ந்தெடுப்பீர்கள்? வடக்கே சென்றால் எதில் எச்சரிக்கை வேண்டும்?

3. அகன்ற தட்டில் நீர் நிரப்பி, காகிதப் படகை நடுவில் விட்டு, ஓர் ஓரத்திலிருந்து ஊதுங்கள். எந்த ஓரத்தில் அலை பெரிது? படகு எங்கே போகிறது? ஏன்?