சைலன்சரில் நீலப் புகையா?

வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் நடத்தும் சகோதரர்கள் கவனத்திற்கு: சைலன்சரில் நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். கறுப்புப் புகை என்றால் டீசலோ பெட்ரோலோ சரியாக எரியவில்லை.

நீலப் புகை எப்போது வருகிறது என்று பாருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்து, சற்று நேரத்தில் நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல் தேய்ந்திருக்கும். வடலூர் சாலையில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்கலாம். டர்போ உள்ள வண்டியில் டர்போ சீலையும் பார்க்க வேண்டும்.

என்ஜினை இறக்கச் சம்மதிக்கும் முன் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் சிறிது ஆயில் விட்டதும் அழுத்தம் ஏறினால் கோளாறு ரிங்கில்தான். வால்வு சீல் மட்டும் என்றால் செலவு வெகுவாகக் குறையும்.

அதுவரை, வண்டியைச் சமதரையில் நிறுத்தி அடிக்கடி ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் வற்றினால் என்ஜின் சீஸ் ஆகிவிடும், பிழைப்பும் நின்றுவிடும்.