பழைய கம்ப்யூட்டரைப் பின்தொடர்ந்த வகுப்பு

சுற்றுச்சூழல் செய்திகளைப் படம், ஒலி, எழுத்து, வரைபடம் எல்லாம் கலந்து சொல்வதையே தொழிலாக்கிக்கொள்ள நினைக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த கேமரா வாங்கலாம்?" அது அப்புறம். எந்தப் பொருளைப் பின்தொடரப் போகிறீர்கள்? அதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பீட்டர் க்ளைனின் பாதையைப் பாருங்கள். அமெரிக்காவின் '60 மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தயாரிப்பாளராக இருந்தவர், வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதழியல் பேராசிரியரானார். அவருடைய மாணவர்கள் கையில் எடுத்தது, நாம் தூக்கிப் போடும் பழைய கம்ப்யூட்டர். அது எங்கே போய்ச் சேருகிறது? கானா, சீனா, இந்தியா என்று தேடிப் போனார்கள். கானாவின் அக்பொக்புளோஷியில் செம்புக்காகச் சிறுவர்கள் கேபிள்களைக் கொளுத்துவதைப் படம்பிடித்தார்கள். அதோடு திரும்பியிருந்தால், பார்த்தவர்கள் உச்சுக் கொட்டிவிட்டு மறந்திருப்பார்கள். இவர்கள் கானாவின் சந்தை ஒன்றில் பழைய ஹார்டு டிஸ்க்குகளைக் காசு கொடுத்து வாங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தார்கள். 40 டாலருக்கு வாங்கிய ஒன்றில், நார்த்ரோப் க்ரம்மன் என்ற அமெரிக்க ராணுவத் தளவாட நிறுவனத்தின் அரசு ஒப்பந்த ஆவணங்கள் இருந்தன! குப்பை பற்றிய செய்தி நாட்டின் பாதுகாப்பு பற்றிய செய்தியாகிவிட்டது. 2009-இல் பிபிஎஸ் தொலைக்காட்சியின் 'ஃபிரன்ட்லைன் வேர்ல்டு' தொடரில் ஒளிபரப்பான அந்தப் படத்துக்கு அடுத்த ஆண்டு எம்மி விருது கிடைத்தது. க்ளைன் பின்னாளில் குளோபல் ரிப்போர்ட்டிங் சென்டரையும் தொடங்கினார்.

நாளிதழ் தராத அவகாசம், எதையும் கேட்கத் தயங்காத இளைஞர்கள்: பேராசிரியர் வேலையில் என் கண்ணில் படும் பெரிய வசதி இதுதான். இந்தியாவில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சி கேட்பார்கள். எழுதுங்கள். ஆனால் சில வருடமாவது களத்தில் வேலை பார்த்துவிட்டு வகுப்புக்குப் போங்கள்.

தொடங்குவதற்கு, அடிக்கடி போய்வர முடிகிற ஓர் இடம் போதும். ஓர் ஏரி, ஒரு குப்பைக் கிடங்கு. ஒலியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். படம் கொஞ்சம் ஆடினாலும் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் அடுத்த நொடியே போய்விடுவார்கள். ட்ரோனுக்குக் கடன் வாங்காதீர்கள். கல்யாண வீடியோவிலேயே அது சலித்துவிட்டது. ஏரி சுருங்கியதைக் காட்ட லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் இருக்கின்றன, இலவசமாக. ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களுக்கும் காசு கிடையாது.

பலரும் கோட்டைவிடுவது ஆவண வாசிப்பில். அபாயகரமான கழிவுகள் எல்லை தாண்டுவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை 1989-இல் உருவானது. அமெரிக்கா கையெழுத்திட்டது, ஆனால் அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. இது தெரியாமல் மின்னணுக் கழிவைப் படம் எடுத்தால் புகை தெரியும், காரணம் தெரியாது. இன்னொன்று: படத்தில் சிறுவர்கள் வந்தால், அவர்கள் முகத்தைக் காட்டலாமா என்பதைக் கேமராவைத் திறக்கும் முன்பே யோசித்துவிடுங்கள். எடிட்டிங் மேசையில் யோசிப்பது தாமதம்.

செலவுக்கு எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க், புலிட்சர் சென்டர் போன்ற அமைப்புகள் நிதியுதவி தருகின்றன. விண்ணப்பத்தில் 'விழிப்புணர்வு ஏற்படுத்துவேன்' என்று எழுதாதீர்கள். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள், யாரைச் சந்திப்பீர்கள், எந்த ஆவணத்தைப் புரட்டுவீர்கள் என்று எழுதுங்கள்.