பிப்ரவரி 9-ஐ ஊரே நடத்தலாம்

கேள்வி: மொரிஷியஸில் வேலை பார்க்கும் என் அண்ணன், பிப்ரவரி 1 அங்கே விடுமுறை, அடிமை முறை ஒழிந்த நாள் என்றார். நம் நாட்டில் அப்படி ஒரு நாள் உண்டா? இளைஞர்கள் சேர்ந்து ஊரில் கொண்டாட ஆசைப்படுகிறோம்.
- ஒரு வாசகர், பூலாம்பாடி

பதில்: அண்ணன் சொன்னது சரிதான். 1835 பிப்ரவரி 1-ல் அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த லெ மோர்ன் மலையின் அடிவாரத்தில் அன்று மலர்வளையம் வைப்பார்கள். நவம்பர் 2-ம் அங்கே விடுமுறைதான். கரும்புத் தோட்டங்களுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகள் 1834-ல் வந்திறங்கிய நாள் அது. ஒருவரின் விலங்கு கழலும் முன்பே அடுத்தவரைக் கப்பலேற்றிவிட்டார்கள்.

நம் நாட்டில் விடுதலை துண்டு துண்டாக வந்தது. 1843-ல் கம்பெனி ஆட்சி போட்ட சட்டம், அடிமையை ஒருவரின் உடைமையாகக் கோர்ட்டு ஏற்காது என்றதோடு நின்றது. வைத்திருந்தவருக்குத் தண்டனை இல்லை. ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றமானது 1862-ல், தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது. அப்புறமும் பண்ணையாள் கடன் பேரால் கட்டுண்டே கிடந்தார். அந்தக் கடனையே செல்லாது என்றது, 1976 பிப்ரவரி 9-ல் வந்த கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். ஆண்டுதோறும் அந்தத் தேதியில் அரசு அலுவலகங்களில் உறுதிமொழி எடுக்கிறார்கள். உறுதிமொழி நல்லதே, ஆனால் மீண்டு வந்தவர்கள் இல்லாமல் அது விழாவாகாது.

நீங்கள் அந்த நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல் சூளையிலோ மரம் வெட்டும் இடத்திலோ முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்து, விடுதலைச் சான்று பெற்றவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். விருப்பப்பட்டால் பேசட்டும், கட்டாயப்படுத்தி மைக்கைக் கொடுக்காதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பறை முழங்கட்டும். வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தரத் தேவையில்லை என்ற பிரிவை எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் படியுங்கள். பலருக்கு இன்னும் தெரியாத சங்கதி அது.

பக்கத்தில் ஒரு மேசை போட்டு, மனு எழுதத் தெரிந்த இருவரை உட்கார வையுங்கள். எங்காவது ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டிருப்பதாகத் தெரியவந்தால் முதலாளியிடம் போய் நியாயம் கேட்காதீர்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஆட்களை வேறிடத்துக்கு ஏற்றிவிடுவார்கள். நேரே கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். விசாரித்து விடுவிப்பதும் சான்று தருவதும் அவர் பொறுப்பு.