சடைப் பின்னலில் இருக்குது கணக்கு!



"எம் பொண்ணுக்குக் கணக்கே வராதுங்க." குமராட்சி, பரங்கிப்பேட்டை, கீரப்பாளையம் என்று எந்தப் பக்கம் போனாலும் இதைக் கேட்கிறோம். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறினால் படிப்பை நிறுத்தி, அடுத்துக் கல்யாணப் பேச்சை எடுத்துவிடுகிறோம். நூற்றுக்கு ரெண்டு வட்டி என்று வாயாலேயே கணக்குப் போடும் நமக்கு, பிள்ளைக்குச் சொல்லித்தர முடியாதா? தினமும் காலையில் சடை பின்னும் நேரமே போதும்.

தேவையானவை: சிவப்பு, மஞ்சள், பச்சை ரிப்பன் ஒவ்வொன்று. மேல் முனைகளைச் சேர்த்து ஜன்னல் கம்பியில் கட்டுங்கள்.

செய்முறை: இடப்பக்கமிருந்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தொங்கவிடுங்கள். முதலில் இடது ஓரக் காலை நடுக்காலின் மேல் போடுங்கள். அடுத்து வலது ஓரக் காலை நடுவில் போடுங்கள். இப்படி மாறி மாறி. ஒவ்வொரு தடவையும் வரிசையைப் பிள்ளை நோட்டில் எழுதட்டும்.

1. மஞ்சள், சிவப்பு, பச்சை
2. மஞ்சள், பச்சை, சிவப்பு
3. பச்சை, மஞ்சள், சிவப்பு
4. பச்சை, சிவப்பு, மஞ்சள்
5. சிவப்பு, பச்சை, மஞ்சள்
6. சிவப்பு, மஞ்சள், பச்சை

ஆறாவது தடவையில் பழைய வரிசையே வந்துவிட்டது பாருங்கள்! மூன்று நிறத்தை 3 x 2 x 1 = 6 விதமாகத்தான் அடுக்க முடியும். அந்த ஆறும் பின்னலில் ஒருமுறை வந்துவிடுகின்றன. மேல்நிலை வகுப்பில் 'வரிசை மாற்றம்' என்று வரும் பாடம் இதுதான்.

சின்னப் பிள்ளைகளுக்கு: 6, 12, 18 என்று பழைய வரிசை திரும்பத் திரும்ப வரும். ஆறாம் வாய்ப்பாடு வந்துவிட்டது. 20-வது தடவையில் என்ன வரிசை? 20-ஐ 6-ஆல் வகுத்தால் மீதி 2. ஆகவே இரண்டாவது வரிசைதான். பின்னிப் பார்த்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு: நாலு ரிப்பன் என்றால் எத்தனை விதம்? 4 x 3 x 2 x 1 = 24. எல்லாவற்றையும் எழுதட்டும்.

இது விளையாட்டு மட்டுமல்ல. எமில் ஆர்டின் என்ற கணித மேதை 1925-ல் பின்னல்களைப் பற்றியே தனிக் கணிதம் எழுதினார். அமெரிக்காவில் குளோரியா கில்மர் என்ற கறுப்பினப் பெண் கணிதவியலாளர், தம் மக்களின் தலைப்பின்னலில் உள்ள வடிவங்களைக் கணிதப் பாடமாக எடுத்துக்காட்டினார்.

ஆண் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி எல்லோரும் செய்து பாருங்கள். "கணக்கு வராது" என்று எந்தப் பெண்ணின் படிப்பையும் நிறுத்துவதில்லை என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள்.